சலாமிஸ் 'காய்' - பழுக்காத ஒரு போர்க்கப்பலின் சரித்திரம்

முதல்லயே ஒரு எச்சரிக்கை மக்களே. இது கொஞ்சம் நீளமான பதிவு. இல்லாத ஒரு கப்பலுக்குச் சரித்திரம் எழுதப் போறேன். ஆனா அந்தக் கப்பலுக்குள்ள நிஜக் கப்பல்கள் நிறைய ஒளிஞ்சுக்கிட்டு இருக்கு, அதனால வெறும் கார்ட்டூன் பதிவுன்னு ஓடிடாதீங்க. டீயோ காபியோ பக்கத்துல வச்சுக்கிட்டு உட்காருங்க.

கப்பலோட பேரு சலாமிஸ் காய். 'மொபைல் சூட் கண்டம்' என்கிற ஜப்பானிய அனிமே உலகத்தைச் சேர்ந்தது. (கண்டம்னா ஜோசியர் சொல்ற கண்டம் இல்லை. 18 மீட்டர் உயர ராட்சத ரோபோ. எதிரே நிக்கறவனுக்கு ரெண்டும் ஒண்ணுதான் :-)) பேர்ல இருக்கிற 'காய்' என்பது ஜப்பானிய மொழியில் 'திருத்தி அமைக்கப்பட்டது' என்று பொருள் தரும் சொல். அவங்க போர்க்கப்பல், விமானம் எல்லாத்துலயும் மாற்றம் செஞ்ச மாடலுக்கு இந்த வால் ஒட்டுவாங்க. நம்ம ஊர் காய்க்கும் இதுக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. ஆனா இந்தக் கப்பலைப் பொறுத்தவரை நம்ம அர்த்தமும் கச்சிதமாப் பொருந்துது. ஏன்னு கடைசியில் உங்களுக்கே புரியும்.

ரோபோவுக்கு முன்னால்

தெரியாதவங்களுக்காகச் சின்னதா ஒரு முன்கதை. கண்டம் தொடர் 1979 ஏப்ரல் 7-ம் தேதி ஜப்பானிய டிவியில் ஆரம்பிச்சது. இயக்குநர் யோஷியுகி டோமினோ. கதை நடப்பது யுனிவர்சல் செஞ்சுரி 0079-ம் ஆண்டில். பூமியைச் சுத்தி விண்வெளியில் மிதக்கும் குடியிருப்புகளில் ஒண்ணான ஜியோன், தனி நாடாகி, பூமிக் கூட்டரசு மேல போர் தொடுக்குது. கூட்டரசுகிட்ட பெரிய கப்பற்படை இருக்கு. மெகல்லன் வகை பேட்டில்ஷிப், சலாமிஸ் வகை க்ரூஸர் எல்லாம் வரிசை கட்டி நிக்குது. ஜியோன் சின்ன நாடு. கப்பல் கணக்கு போட்டுப் பார்த்தா கூட்டரசுதான் ஜெயிக்கணும்.

ஜெயிக்கலை. காரணம் ரெண்டு. ஒண்ணு, மினோவ்ஸ்கி துகள் என்கிற கற்பனைச் சமாச்சாரம். இதைத் தூவி விட்டா ராடார் வேலை செய்யாது, ரேடியோ வேலை செய்யாது, குறிவைத்துத் துரத்தும் ஏவுகணை குருடாயிடும். போர் மறுபடியும் கண்ணால பார்த்துச் சுடும் காலத்துக்குப் போயிடும். ரெண்டாவது, ஜாக்கு என்கிற ராட்சத ரோபோ. கையையும் காலையும் வீசியே விண்வெளியில் சட்டுனு திரும்பும், கிட்ட வந்து கப்பலோட கழுத்தைப் பிடிக்கும். தூரத்து எதிரியை அடிக்கறதுக்காகக் கட்டின சலாமிஸ் பீரங்கியால கொசு மாதிரி சுத்தற ஜாக்குவை ஒண்ணும் பண்ண முடியலை.

லூம் என்ற இடத்தில் நடந்த சண்டையில் கூட்டரசுக் கப்பற்படை நொறுங்குது. தளபதி ரெவில் சிறைபிடிக்கப்படறார். ஷார் என்கிற ஒரே ஒரு விமானி (ரோபோ ஓட்டறவரை வேற என்னன்னு சொல்றது!) ஐந்து போர்க்கப்பல்களை மூழ்கடிச்சார்னு கதையில் வரும். 2004-ல் வந்த 'எம்.எஸ். இக்லூ' என்கிற கிளைக்கதை இதே சண்டையை வேறொரு கோணத்தில் காட்டும். ஜியோன் படையிலேயே ஒரு பிரம்மாண்டமான பீரங்கியை இழுத்துக்கிட்டு வருவாங்க. அதோட பொறுப்பாளர் சண்டையை முடிக்கப் போறது தன் பீரங்கிதான்னு நம்பிக்கிட்டு இருப்பார். ஆனா அவரோட மேலதிகாரிகள் அதை வெறும் கண்துடைப்பாத்தான் வச்சிருப்பாங்க, ஜெயிக்கப் போறது ஜாக்குன்னு அவங்களுக்கு முன்னாடியே தெரியும். ஒரு தொழில் செத்துப் போன சேதி அந்தத் தொழிலாளிக்குத்தான் கடைசியில் போய்ச் சேருது.

இது அப்படியே 1941. டிசம்பர் 7-ல் பேர்ல் ஹார்பர், மூணே நாள் கழிச்சு டிசம்பர் 10-ல் மலேயா கடலில் பிரிட்டனின் 'பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்', 'ரிபல்ஸ்' ரெண்டும் ஜப்பானிய விமானங்களால மூழ்கடிக்கப்பட்டது. பீரங்கிக் கப்பல்களின் ராஜாங்கம் ஒரே வாரத்தில் ஆட்டம் கண்டது. அதைச் செஞ்சது ஜப்பான். செஞ்ச ஜப்பானே அந்தப் பாடத்தை முழுசாப் படிச்சதாங்கறதுதான் அடுத்த விஷயம்.

சலாமிஸ் எப்படி 'காய்' ஆனது

கூட்டரசு பதிலுக்கு 'ஆபரேஷன் வி'ன்னு திட்டம் போட்டு கண்டத்தை உருவாக்குது. அதைச் சுமக்க 'ஒயிட் பேஸ்' என்கிற புதுக் கப்பல். ஆரம்பத்துலேர்ந்தே ரோபோவுக்காக டிசைன் பண்ணது, ஹேங்கர் உண்டு, ரோபோவை உந்தித் தள்ளும் கேட்டபுல்ட் உண்டு. (கேட்டபுல்ட்னா நம்ம உண்டிவில் மாதிரிதான், பெருசு.) ஆனா எல்லாத்தையும் புதுசாக் கட்ட எந்த அரசாங்கத்துகிட்டயும் காசு இருக்காது, கற்பனை அரசாங்கமா இருந்தாலும். அதனால போர் முடிஞ்சதும் பழைய சலாமிஸ் டிசைனையே எடுத்து, சில பீரங்கிகளைக் குறைச்சு, ரோபோ நிறுத்த இடம் பண்ணி, கிளம்பறதுக்குத் தளம் போட்டு, 'சலாமிஸ் காய்' ஆக்கிட்டாங்க. 1985-ல் வந்த 'ஸீட்டா கண்டம்' தொடரில் (கதைப்படி 0087) இதைச் சர்வசாதாரணமாப் பார்க்கலாம். இரண்டு தரப்புமே இதைத்தான் ஓட்டும்.

பொட்டி தட்டறவங்களுக்கு இது உடனே புரியும். யாரோ எப்பவோ எழுதின பழைய சிஸ்டம். எழுதினவர் ரிடையர் ஆகிட்டார். தூக்கிப் போட முடியாது, வியாபாரம் அதுலதான் ஓடுது. அதனால பக்கத்துல ஒரு புது மாட்யூலை ஒட்ட வைப்போம். மேனேஜர் அதுக்கு 2.0-ன்னு பேர் வைப்பார். உள்ளே இருக்கறது 1.1 தான்னு நமக்குத் தெரியும் :-)

இதைவிடச் சுவாரசியமான கப்பல் ஒண்ணு உண்டு. 1991-ல் வந்த '0083 ஸ்டார்டஸ்ட் மெமரி'யில் 'பர்மிங்ஹாம்'னு ஒரு புத்தம்புதுக் கொடிக்கப்பல் வரும். போர் முடிஞ்சு, ரோபோதான் எல்லாம்னு ஊரே பார்த்த பிறகு கட்டினது. ஆனா அதில் ரோபோ வைக்க இடமே கிடையாது! முழுக்க முழுக்க பீரங்கி. அட்மிரல்களுக்குப் பழைய பெருமை விடலை. கடைசியில் கப்பற்படை அணிவகுப்பு நடக்கும்போது ஒரே ஒரு எதிரி ரோபோ அணுகுண்டோட வந்து அந்தக் கொடிக்கப்பலையும் பக்கத்தில் நின்ன கப்பல்களையும் சாம்பலாக்கிட்டுப் போயிடும்.

ஜப்பானியர்கள் இதைக் கற்பனையிலேர்ந்து எடுக்கலை. 'பெரிய கப்பல், பெரிய பீரங்கி' என்கிற சித்தாந்தத்துக்கு அவங்க மொழியில் தனிச் சொல்லே உண்டு. அதன் உச்சம் யமாட்டோ பேட்டில்ஷிப். 1945 ஏப்ரலில் விமானங்கள் அதை மூழ்கடிச்சபோது, உலகத்திலேயே பெரிய பீரங்கியால அதைக் காப்பாத்த முடியலை.

நிஜ சலாமிஸ் காய்: இசே, ஹ்யூகா

இப்ப முக்கியமான இடத்துக்கு வரேன். 1942 ஜூனில் மிட்வே சண்டையில் ஜப்பான் அகாகி, காகா, சோர்யூ, ஹிர்யூன்னு நாலு விமானந்தாங்கிகளை இழந்தது. புதுசாக் கட்ட நேரமில்லை. கையில் இருந்தது பழைய பேட்டில்ஷிப்கள். அதில் இசே, ஹ்யூகா என்ற ரெட்டைக் கப்பல்களைத் தேர்ந்தெடுத்தாங்க. ரெண்டும் முதல் உலகப்போர்க் காலத்தில், 1917-18-ல் கடலுக்கு வந்தவை. ஹ்யூகாவில் 1942 மே மாசம் பயிற்சியின்போது பின்பக்கப் பீரங்கிக் கோபுரம் ஒண்ணு வெடிச்சுச் சேதமாகி இருந்தது. அதனால மாத்தறதுக்கு அது வசதியான கேஸ்.

ஒவ்வொரு கப்பல்லயும் 12 பெரிய பீரங்கிகள், ரெண்டு ரெண்டா ஆறு கோபுரங்களில் இருந்தது. பின்னால் இருந்த ரெண்டு கோபுரங்களைப் பிடுங்கி எறிஞ்சு, அந்த இடத்தில் ஹேங்கர் கட்டி, அதுக்கு மேல சுமார் 70 மீட்டர் நீளத்துக்கு ஒரு தளம் போட்டாங்க. ரெண்டு கேட்டபுல்ட். திட்டப்படி 22 விமானங்கள். மிச்சம் எட்டு பீரங்கி அப்படியே. 1943 முடியறதுக்குள்ள ரெண்டும் தயார். முன்னாடி பேட்டில்ஷிப், பின்னாடி விமானந்தாங்கி. மேல சொன்ன சலாமிஸ் காய் கண் முன்னாடி நிக்குதா?

ஒரே ஒரு சிக்கல். அந்தத் தளத்திலேர்ந்து விமானம் கிளம்பலாம். திரும்ப இறங்க முடியாது.

70 மீட்டர், அதுவும் முன்னாடி கோட்டை மாதிரி கப்பலோட மேல்கட்டுமானம் நிக்குது. எந்த விமானியும் இறங்க முடியாது. கடல்ல இறங்கும் மிதவை விமானமா இருந்தா கிரேன் வச்சுத் தூக்கிக்கலாம். சூஸே என்கிற குண்டுவீச்சு விமானம் கிளம்பினா, வேற விமானந்தாங்கியையோ, கரையில் ஒரு ஓடுதளத்தையோ தேடிக்க வேண்டியதுதான். பொறியியலில் இதை ஒரு வரியில் எழுதிடலாம். அந்த விமானத்தோட இருக்கையில் உட்கார்ந்து படிச்சுப் பார்த்தா அந்த வரி வேற மாதிரி இருக்கும்.

இந்தப் பிரச்சினை புதுசும் இல்லை. 1917-ல் பிரிட்டன் 'ஃப்யூரியஸ்' என்ற கப்பலில் முன்பக்கப் பீரங்கியை எடுத்துட்டு விமானத்தளம் போட்டது. எட்வின் டன்னிங் என்ற அதிகாரி 1917 ஆகஸ்ட் 2-ம் தேதி, ஓடிக்கிட்டு இருக்கும் கப்பலில் விமானத்தை இறக்கினார். உலகத்திலேயே முதல் தடவை. கப்பலோட நடுவில் இருந்த மேல்கட்டுமானத்தைச் சுத்தி வளைச்சு, பக்கவாட்டில் நழுவி வந்து இறங்கணும். ஐந்து நாள் கழிச்சு, ஆகஸ்ட் 7-ம் தேதி மறுபடி முயன்றபோது விமானம் கடலில் விழுந்து இறந்துட்டார். அப்புறம் பின்பக்கப் பீரங்கியையும் எடுத்து அங்கேயும் தளம் போட்டாங்க. நடுவில் இருந்தது அப்படியே இருந்ததால் அப்பவும் சரிப்படலை. கடைசியில் மொத்தத்தையும் வழிச்சு எடுத்து, 1925-ல்தான் அது முழுத்தளத்தோட நிஜ விமானந்தாங்கி ஆனது. காயாகி, செங்காயாகி, அப்புறம் பழமான கப்பல். இசே கட்டினவங்களுக்கு இந்தச் சரித்திரம் தெரியாம இருக்க வாய்ப்பே இல்லை. நேரம் இல்லை, அவ்வளவுதான்.

அதே கணக்கு, வேற விடை

அதே 1942-ல் அமெரிக்காவுக்கும் விமானந்தாங்கிப் பஞ்சம். அவங்க என்ன பண்ணாங்க? கிளீவ்லேண்ட் வகை க்ரூஸருக்காகப் போட்டிருந்த ஒன்பது கப்பல் உடல்களை எடுத்து, பீரங்கிக் கோபுரம் வைக்காமலே, மேல முழு நீளத்துக்குத் தளம் போட்டு 'இண்டிபெண்டன்ஸ்' வகை விமானந்தாங்கி ஆக்கிட்டாங்க. 1943-லேயே ஒன்பதும் படையில் சேர்ந்தாச்சு. ஒவ்வொண்ணும் முப்பது விமானத்துக்கு மேல சுமக்கும். கிளம்பின விமானம் அதே கப்பலில் இறங்கும்.

இதுல ஒரு கப்பல் 'சான் ஹசிண்டோ'. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜார்ஜ் ஹெச்.டபிள்யூ. புஷ் இதிலேர்ந்துதான் பறந்தார். 1944 செப்டம்பர் 2-ம் தேதி சுட்டு வீழ்த்தப்பட்டு கடலில் மிதந்தவரை ஒரு நீர்மூழ்கி வந்து தூக்கிக்கிட்டுப் போச்சு. விமானி திரும்பி வரணும், அவர் திரும்பறதுக்குக் கப்பலும் நீர்மூழ்கியும் செலவழிக்கலாம்னு முடிவு பண்ணி வச்சிருந்த படை அது.

இசேயும் ஹ்யூகாவும் என்ன ஆச்சு? 1944 அக்டோபரில் இவற்றுக்கான விமானப்பிரிவைத் தைவான் பக்கச் சண்டைக்கு அனுப்பிட்டாங்க. அக்டோபர் 25-ல் லெய்டே வளைகுடாப் போரின் ஒரு பகுதியா எங்கானோ முனையில் சண்டை நடந்தப்போ, இந்த ரெண்டு கப்பலும் ஒரு விமானம் கூட இல்லாம நின்னுது. அமெரிக்கர்களை இழுக்கறதுக்கான தூண்டில் படையில் அவை இருந்தன. கூட இருந்த நாலு விமானந்தாங்கியும் மூழ்கிடுச்சு. இவை ரெண்டும் தப்பிச்சு வந்தது. மாற்றி அமைச்ச காரணத்துக்காக, அந்தத் தளம் ஒரு சண்டையில் கூடப் பயன்படலை.

அதே 1944 அக்டோபர் 25-ம் தேதி வேறொண்ணும் நடந்தது. பிலிப்பைன்ஸில் ஜப்பானின் அதிகாரபூர்வ காமிகாஸே பிரிவு முதல் வெற்றியைப் பார்த்தது. 'செயிண்ட் லோ' என்கிற அமெரிக்கக் குட்டி விமானந்தாங்கி மூழ்கியது. திரும்பி வரும் ஏற்பாடே இல்லாத பறப்பு, அன்னியிலிருந்து ஒரு கொள்கை ஆயிடுச்சு. இசேயின் தளமும் காமிகாஸேயும் ஒண்ணுன்னு நான் சொல்ல வரலை. இசே விமானிகளுக்குக் கரையில் இறங்கும் திட்டமாவது இருந்தது. ஆனா 'கிளப்பி விடு, இறங்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்' என்கிற யோசனை எங்கே போய் முடியும்னு அந்த ஒரு தேதி காட்டுது.

ஹ்யூகா, இசே ஹேங்கர்கள் கடைசியில் எதுக்குப் பயன்பட்டது தெரியுமா? 1945 பிப்ரவரியில் சிங்கப்பூரிலேர்ந்து ஜப்பானுக்கு பெட்ரோல் பீப்பாய், ரப்பர், தகரம் எல்லாம் ஏத்திக்கிட்டு வர. கூட நாலு கப்பல்கள். வழியெல்லாம் அமெரிக்க நீர்மூழ்கிகள் காத்திருந்தும் ஆறும் அடிபடாம ஊர் போய்ச் சேர்ந்தது. அந்த மாற்றத்தால கிடைச்ச ஒரே உருப்படியான லாபம் இந்த லாரி வேலைதான். அப்புறம் ஓட எண்ணெய் இல்லாம குரே துறைமுகத்தில் நின்னு, ஜூலை 24-ல் ஹ்யூகாவும் 28-ல் இசேயும் குண்டுவீச்சில் உட்கார்ந்துடுச்சு.

டோமினோ கேட்ட கேள்வி

இப்ப மறுபடி சலாமிஸ் காய்க்கு வருவோம். இசேயின் பெரிய பிரச்சினை, அதாவது இறங்கறது, விண்வெளியில் கிடையவே கிடையாது. ரோபோவுக்கு ஓடுதளம் வேண்டாம். கப்பல் வேகத்துக்குத் தன் வேகத்தைச் சரி பண்ணிக்கிட்டு வந்து, கையால பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். அதனால பாதிப் பீரங்கி, பாதி ரோபோ என்கிற டிசைன் கடலில் தோத்தாலும் கதையில் வேலை செய்யுது. இயந்திரக் கணக்கு ஓகே.

ஆனா டோமினோ இன்னொரு கணக்கை விடாம வச்சிருக்கார். கப்பலை மாத்திட்டே, ரோபோவை ஏத்திட்டே, ஓட்டறதுக்கு ஆள்? ஒயிட் பேஸில் பயிற்சி பெற்ற வீரர்கள் முதல் அத்தியாயங்களிலேயே செத்துப் போறாங்க. கண்டத்தில் ஏறுவது அமுரோ ரே, 15 வயசுப் பையன். கப்பல் முழுக்க அகதிகளும் பொடிசுகளும். ஸீட்டாவில் கமீலுக்கு 17. டோமினோ 1941-ல் பிறந்தவர், போர் முடியும்போது நாலு வயசுகூட ஆகலை. தேர்ந்த விமானிகளையெல்லாம் இழந்துட்டு, அரைகுறைப் பயிற்சியோட சின்னப் பசங்களை விமானத்தில் ஏத்தின நாட்டில் வளர்ந்தவர். கப்பல் உடலை ஒரு வருஷத்தில் மாத்திடலாம். ஒரு விமானியை உருவாக்க அதைவிட அதிகம் ஆகும். ஒருத்தன் செத்தா அவனோட அனுபவமும் கூடவே போகும். அந்தத் தொடரில் ரோபோ கிளம்பற காட்சிகள் அட்டகாசமா இருக்கும், எனக்கும் மயிர்க்கூச்செறியும். ஆனா கதை நிறைய நேரம் செலவழிக்கறது யார் திரும்பி வரலை என்கிற கணக்கில்தான்.

தொடரே ஒரு 'காய்' தானே! பொம்மைக் கம்பெனி ஸ்பான்சர் செஞ்ச, ரோபோ பொம்மை விக்கறதுக்கான நிகழ்ச்சி அது. அந்த உடலுக்குள்ள டோமினோ ஒரு போர்க்கதையை ஏத்தினார். பார்க்க ஆள் குறைஞ்சு, 52 அத்தியாயம் என்று திட்டமிட்டது 43-லேயே, 1980 ஜனவரியில் முடிஞ்சது. அந்த வருஷம் ஜூலையில் பந்தாய் கம்பெனி 300 யென்னுக்கு பிளாஸ்டிக் மாடல் விட்டபிறகுதான் ஊரே பைத்தியமாச்சு. 1981, 82-ல் மூணு சினிமா.

நம்ம நாட்டுலயும் ஒரு பழுத்த காய் உண்டு. 1987-ல் சோவியத் படையில் சேர்ந்த 'பாகு' (பின்னாடி 'அட்மிரல் கோர்ஷ்கோவ்') முன்பாதியில் ஏவுகணை, பின்பாதியில் விமானத்தளம்னு இருந்த கலப்புக் கப்பல். 2004-ல் நாம ஒப்பந்தம் போட்டு, முன்பக்க ஏவுகணைகளை மொத்தமா எடுத்து, தளத்தை முழு நீளத்துக்கும் இழுத்து, மூக்கில் வளைவு வச்சு 'விக்ரமாதித்யா' ஆக்கினோம். 97.4 கோடி டாலர்னு பேசினது 235 கோடி டாலர் ஆச்சு, 2008-ல் வரவேண்டியது 2013 நவம்பரில்தான் கைக்கு வந்தது. திட்டினவங்க நிறைய, நியாயமும் உண்டு. ஆனா கிளம்பின மிக் விமானம் அதே கப்பலில் இறங்குது. காசும் நேரமும் எதுக்குப் போச்சுன்னு கேட்டா, பெரும்பகுதி அதுக்குத்தான்.

ஜப்பான் இப்ப அந்தப் பாடத்தை மறக்கலைன்னு தோணுது. 2009, 2011-ல் வந்த ஹெலிகாப்டர் கப்பல்களுக்கு ஹ்யூகா, இசேன்னே பேர் வச்சாங்க. 2018 டிசம்பரில், அடுத்து வந்த இசுமோ, காகா ரெண்டையும் எஃப்-35பி விமானத்துக்காக மாத்தறதா அறிவிச்சாங்க. காகாவோட கூர்மூக்கைச் சதுரமாக்கி, 2024-ல் அமெரிக்கக் கடலில் சோதனை செஞ்சாங்க. செங்குத்தா இறங்கக்கூடிய விமானம் அது. இந்தத் தடவை முதல்ல இறங்கறதை யோசிச்சுட்டுத்தான் கப்பலில் கை வச்சிருக்காங்க.

அடுத்த தடவை ஸீட்டா பார்க்கும்போது சலாமிஸ் காய் திரையோரமா வந்தா கொஞ்சம் கவனிங்க. ஹீரோ ரோபோவுக்குப் பின்னாடி நிக்கும் சாதாக் கப்பல்தான். அதோட தளத்திலேர்ந்து கிளம்பற பேர் தெரியாத ரோபோக்களை எண்ணிக்கிட்டே வாங்க. அத்தியாயம் முடியும்போது எத்தனை திரும்புதுன்னும் எண்ணுங்க.

கொசுறு: யமாட்டோ மூழ்கினது 1945 ஏப்ரல் 7. கண்டம் முதல் அத்தியாயம் ஒளிபரப்பானது 1979 ஏப்ரல் 7. தற்செயல்தான், வேற அர்த்தம் ஒண்ணும் கற்பிக்கலை. அதே யமாட்டோவைக் கடலடியிலேர்ந்து எடுத்து விண்வெளிக் கப்பலா மாத்தற 'விண்வெளிப் போர்க்கப்பல் யமாட்டோ' 1974-லேயே வந்தாச்சு. மூழ்கின கப்பலையே 'காய்' பண்ணவங்க! அதைப் பத்தித் தனியா எழுதணும். ஆட்சேபணை இருக்கறவங்க பின்னூட்டத்தில் கும்மலாம் :-)